காது அடைக்குதா? முகம் கோணுதா?



"பிளேன் இறங்கறப்போ காதுல ஆணி அடிச்ச மாதிரி வலிச்சுதுங்க, குழந்தை வீறிட்டு அழுதுச்சு." சிங்கப்பூர், துபாய் போய் வந்தவர்கள் இப்படிச் சொல்வதுண்டு. காரணம் என்ன?

நம் விருத்தாசலம் பீங்கான் பொம்மையைத் திருப்பிப் பாருங்கள். அடியில் சிறு துளை இருக்கும். அது இல்லையென்றால், சூளையில் உள்ளே அடைபட்ட காற்றும் ஈரமும் விரிந்து பொம்மை வெடித்துவிடும். காதும் அப்படித்தான். செவிப்பறைக்கு உள்ளே காற்று நிறைந்த சிற்றறை ஒன்று உண்டு. அதிலிருந்து மெல்லிய குழாய் ஒன்று மூக்கின் பின்புறம், தொண்டைக்கு மேலே போய்த் திறக்கிறது. எச்சில் விழுங்கும்போதும் கொட்டாவி விடும்போதும் குழாய் திறந்து, காற்று சமமாகும். சளி பிடித்தால் குழாய் அடைபடும். கன்னம், நெற்றி எலும்புகளில் உள்ள காற்றறைகளும் அடைபட்டு, முகம் வலிக்கும்.

விமானம் 35,000 அடி உயரத்தில் பறந்தாலும், உள்ளே காற்றழுத்தம் ஏறக்குறைய ஊட்டி மலையில் இருப்பது போல் இருக்கும். இறங்கும்போது அழுத்தம் கூடி, செவிப்பறையை உள்ளே அமுக்கும். தண்ணீரில் இது இன்னும் கடுமை: 33 அடி ஆழத்தில் அழுத்தம் இரு மடங்கு. தூத்துக்குடியில் சங்கு குளிப்போருக்கும், கிணற்றில் முங்கி அடிமண் எடுக்கும் நம்மூர்ப் பிள்ளைகளுக்கும் தொல்லை ஒன்றே.

முகத்தை அசைக்கும் நரம்பு காதின் சிற்றறையை ஒட்டிச் செல்கிறது. மேலே ஏறும்போது, உள்ளே சிக்கிய காற்று அபூர்வமாகச் சிலருக்கு அந்த நரம்பை அழுத்தும். வாய் ஒரு பக்கம் கோணும், கண் மூடாது. காற்று வெளியேறியதும் பெரும்பாலும் சரியாகிவிடும். ஆனால் பக்கவாதத்துக்கும் இதே அறிகுறிதான். "தானா சரியாப் போயிடும்" என்று இருந்துவிடாதீர்கள். விமானத்தில் பணியாளரிடம் சொல்லுங்கள். ஊரில் 108-ஐ அழையுங்கள்.

கவனிக்க வேண்டியவை:

1. சளி, காதுவலி இருந்தால் தண்ணீரில் முங்காதீர்கள். "டிக்கெட் போட்டாச்சே" என்று கடும் சளியை மறைக்காமல், பயணத்துக்கு முன் மருத்துவரைப் பாருங்கள்.

2. விமானம் இறங்கும்போது தூங்காதீர்கள். மிட்டாய் சப்பி, எச்சிலை விழுங்குங்கள். கைக்குழந்தையை எழுப்பித் தாய்ப்பால் கொடுங்கள்.

3. வாயை மூடி, மூக்கைப் பிடித்து மெதுவாக ஊதலாம். பலமாக ஊதினால் செவிப்பறை கிழியக்கூடும்.

4. முங்கும்போது காது வலித்தால் உடனே மேலே வந்துவிடுங்கள்.

5. காதில் எண்ணெயோ பாலோ ஊற்றாதீர்கள். ரத்தம், சீழ், தலைச்சுற்றல், காது மந்தம் இருந்தால் அரசு மருத்துவமனைக்கு வாருங்கள்.

சளியைக் கவனிப்போம்! காதைக் காப்போம்!