அணையின் அடியில் என்ன இருக்கிறது?

தேனி மாவட்டம் ராயப்பன்பட்டிக்குப் போகிறவர்கள் சண்முகாநதி அணையைப் பார்க்காமல் திரும்பக் கூடாது. மேகமலை அடிவாரத்தில் இருக்கும் சின்ன அணை அது. உயரம் 52.5 அடி. கம்பம் பள்ளத்தாக்கின் பெரும்பகுதிக்கு முல்லைப் பெரியாறு அணையின் தண்ணீர், மலையைக் குடைந்த வழியே வருகிறது. 1895 முதல் அப்படித்தான். சண்முகாநதி அணையோ தலைக்கு மேலே தெரிகிற மலையில் பெய்யும் மழையை நம்பியிருக்கிறது. அந்த மழை விழுந்து அணைக்கு வழிந்து வரும் பரப்புக்கு நீர்ப்பிடிப்புப் பகுதி என்று பெயர்.

அணை நிரம்பினால் எல்லாருக்கும் சந்தோஷம். ஆனால் குழந்தைகளே, ஒன்றை யோசியுங்கள். தண்ணீரோடு மண்ணும் வருகிறது. அடியில் அந்த வண்டல் எவ்வளவு படிந்தாலும், அணை நிரம்பிய அன்று அளவுகோல் 52.5 அடி என்றுதான் காட்டும். தண்ணீர் மட்டும் குறைந்திருக்கும்!

மண் ஏன் வருகிறது? வீட்டிலேயே பார்க்கலாம். பெரியவர்களிடம் கொடுத்து இரண்டு பிளாஸ்டிக் பாட்டில்களை நீளவாக்கில் வெட்டச் சொல்லுங்கள். இரண்டிலும் மண் நிரப்பி, ஒன்றில் மட்டும் வேரோடு எடுத்த புல்லை நட்டு, ஒரு வாரம் வேர் பிடிக்க விடுங்கள். பிறகு இரண்டையும் சாய்த்து வைத்து ஒரே அளவு தண்ணீரைப் பூவாளியால் ஊற்றுங்கள். வெறும் மண்ணிலிருந்து கலங்கிய தண்ணீர் மளமளவென ஓடி நின்றுவிடும். புல் இருந்ததிலிருந்து தெளிந்த தண்ணீர் மெதுவாக, வெகுநேரம் சொட்டும். இலை துளியின் வேகத்தைக் குறைக்கிறது. வேர் மண்ணைப் பிடித்துக்கொள்கிறது. வேர் போன வழியே தண்ணீர் உள்ளே இறங்குகிறது. மேகமலைக் காடு இதையே மலையளவில் செய்கிறது. 2021இல் அது ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகத்தின் ஒரு பகுதியானது. புலிக்காகக் காத்த காடு நம் ஓடைகளையும் காக்கிறது.

இப்போது பூவாளிக்குப் பதில் குவளையால் சடாரென்று ஊற்றுங்கள். வெறும் மண் கரைந்தே போகும். பருவநிலை மாற்றம் செய்வது இதைத்தான். காற்று 1 டிகிரி செல்சியஸ் சூடானால் சுமார் 7 சதவீதம் கூடுதலாக நீராவியைத் தாங்கும். அதனால் பல நாள் பெய்ய வேண்டிய மழை சில மணி நேரத்தில் கொட்டித் தீர்க்கும் அபாயம் கூடுகிறது. ஆகவே காட்டைக் காப்பதோடு, சரிவான நிலத்தைக் குறுக்கே உழுவதும், ஓடைகளில் தடுப்பணை கட்டுவதும், கோடையில் வண்டலை அள்ளி வயலில் போடுவதும் முன்னைவிட அவசரமான வேலைகள்.

ஐப்பசி மழையில், பெரியவர் ஒருவரை ஓடைத் தண்ணீர் ஒரு கண்ணாடி பாட்டில் பிடித்துத் தரச் சொல்லுங்கள். ஒரு நாள் அசைக்காமல் வைத்து, அடியில் படிந்த மண்ணை ஸ்கேலால் அளந்து எங்களுக்கு எழுதுங்கள். அந்த ஓடைக்கு மேலே என்ன இருக்கிறது, காடா, தோட்டமா, வெறும் சரிவா என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.