காட்டுப்பாதையில் ஓராண்டு

மும்பையின் வடபகுதியில் சஞ்சய் காந்தி தேசியப் பூங்கா என்னும் காடு ஏறத்தாழ 104 சதுர கிலோமீட்டர் பரந்துள்ளது. விடுமுறை நாள்களில் நகர மக்கள் அங்கு நடைப்பயணம் மேற்கொள்கின்றனர். ஒருமுறை மட்டும் சென்றவர் அக்காட்டை அறிந்தவர் ஆகார்.

மே மாதத்தில் ஓடைகள் வறண்டு, சருகுகள் காலடியில் நொறுங்கும். மழை தொடங்கியபின் அதே ஓடைகள் பெருக்கெடுத்து ஓடும். கானேரிக் குகைகளின் அருகே பௌத்தத் துறவியர் பாறையில் குடைந்த நீர்த்தொட்டிகளின் பயனும் அப்போதுதான் விளங்கும். பாறைச்சரிவில் வழியும் மழைநீரை வறண்ட மாதங்களுக்காக அவர்கள் அவற்றில் சேமித்தனர். பிப்ரவரியிலோ இலையுதிர்ந்த இலவமரங்கள் செந்நிறப் பூக்களோடு நிற்கும். தேனுண்ணப் பறவைகள் கூடும்.

இக்காட்டில் சிறுத்தைகளும் வாழ்கின்றன. ஆகவே, வனத்துறை அனுமதித்த பாதையில் மட்டுமே செல்லவேண்டும். பொழுது சாயுமுன் திரும்பவும் வேண்டும்.

ஓராண்டு நடந்தாலும் காணக்கிடைக்காத காட்சி ஒன்று உண்டு. கார்வி என்னும் புதர்ச்செடி எட்டு ஆண்டுகளுக்கு ஒருமுறையே கூட்டமாகப் பூக்கும். அது குறிஞ்சிச் செடியின் இனத்தைச் சேர்ந்தது. பூத்துக் காய்த்தபின் செடி மடிந்துவிடும். மண்ணில் விழுந்த விதைகள் முளைத்து வளரும். 2024இல் அப்பூவைக் கண்ட பத்து வயதுச் சிறுமி, மறுமுறை காணும்போது பதினெட்டு வயதினளாக இருப்பாள்.