ஓய்வு பெற்ற படைவீரரும் விமானப் பயிற்சிப் பள்ளியும்

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரம் வானம் பார்த்த பூமி. மழை பொய்த்தால் பருத்தியும் கம்பும் பொய்க்கும். ஆகவே குமாரலிங்கபுரம் போன்ற கரிசல் ஊர்களில் இராணுவச் சம்பளத்தை நம்பி அடுப்பு மூட்டிய வீடுகள் உண்டு. பதினைந்து ஆண்டு சேவையை நிறைவு செய்த சிப்பாய்க்குப் பென்ஷன் உரிமையாகிறது. எனவே முப்பத்தைந்துக்கும் நாற்பதுக்கும் இடைப்பட்ட வயதிலேயே அவர் பெட்டியுடன் ஊர் திரும்புகின்றார். பிள்ளைகளோ அப்பொழுதுதான் உயர்நிலைப் பள்ளியில் கால் வைத்திருப்பர். வங்கி வாயிலில் துப்பாக்கியேந்திக் காவல் நிற்பதா, அன்றி வேறு தொழில் கற்பதா என்னும் கேள்வி அவரை மட்டுமன்றி, அவருடைய மனைவியையும் பெற்றோரையும் வாட்டுகின்றது.

விமானியாகும் ஆசை இப்போது சிலருக்குப் பிறந்திருக்கின்றது. 2020-இல் வெளிவந்த 'சூரரைப் போற்று' திரைப்படத்திற்கும் இதில் பங்குண்டு போலும். ஆனால் அக்கதைக்கு ஆதாரமான கேப்டன் கோபிநாத், இராணுவத்திலிருந்து விலகியபின் பயிர்த்தொழில் செய்து, பிறகு விமான நிறுவனம் நடத்தியவர். விமானம் ஓட்டிப் பிழைத்தவரல்லர். ஆசை தவறென்று நாம் கூறவில்லை. 1920 மார்ச் 24 அன்று திருத்தந்தை பதினைந்தாம் ஆசீர்வாதப்பர் லொரேத்தோ மாதாவை வானூர்தியாளர்களின் பாதுகாவலியாக அறிவித்தார். திருச்சபை இத்தொழிலுக்கும் ஆசி கூறியிருக்கின்றது. எனினும், கோபுரம் கட்ட முனைபவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிட வேண்டுமென நம் ஆண்டவர் கூறிய உவமை இங்கு மிகவும் பொருந்தும்.

கணக்கைப் பார்ப்போம். வணிக விமானி உரிமம் பெற 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அதில் 100 மணி நேரம் தாமே பொறுப்பேற்று ஓட்டியதாக இருத்தல் அவசியம். நம் நாட்டில் இப்பயிற்சிக்கு அரைக்கோடி ரூபாயை ஒட்டிச் செலவாகின்றது. அதன்பின் குறிப்பிட்ட வகைப் பெரிய விமானத்தை ஓட்டக் கற்பதற்குத் தனியே பல இலட்சம் வேண்டும். பென்ஷனில் பாதிவரை விற்று ரொக்கமாகப் பெறலாம் என்பது உண்மையே. ஆனால் விற்ற பகுதி பதினைந்து ஆண்டு கழித்தே திரும்பக் கிடைக்கும். முப்பத்தெட்டு வயதில் விற்றவர் ஐம்பத்து மூன்று வயதுவரை குறைந்த பென்ஷனில்தான் குடும்பம் நடத்த வேண்டும். அமெரிக்காவில் 1944-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் போரிலிருந்து திரும்பிய வீரர்கள் பலர் அரசுச் செலவில் விமானம் ஓட்டக் கற்றனர். நம் சிப்பாய்க்கு அத்தகைய ஏற்பாட்டை நம்பி இறங்க வழியில்லை.

பணத்திற்கும் முந்தியது உடல். முதல் வகுப்பு மருத்துவச் சான்று கிடைக்குமா என்பதை அறியாமல் எந்தப் பள்ளிக்கும் முன்பணம் கொடுத்தலாகாது. இராணுவத்தில் நல்ல மருத்துவ வகையில் இருந்ததால் மட்டும் இச்சான்று உறுதியாகிவிடாது. பீரங்கிப் படையில் ஆண்டுக்கணக்கில் இருந்தவரின் செவிகள், அவரே அறியாமல் பழுதுபட்டிருக்கக்கூடும். கேட்புச் சோதனையில்தான் அது வெளிப்படும். பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியலும் கணிதமும் தேறியிருத்தலும் தேவை. பத்தாம் வகுப்புடன் படையில் சேர்ந்தவர்கள் தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாக இவற்றை எழுதலாம். படையிலேயே விமானம் ஓட்டியவர்களின் பறப்பு மணிகள் கணக்கில் கொள்ளப்படும். காலாட்படை வீரரோ முதற்படியிலிருந்து தொடங்க வேண்டியவர்.

இத்தனையும் கடந்தவர்க்கே பள்ளியைத் தேர்ந்தெடுக்கும் வேலை. விளம்பரத் தாளில் பத்து விமானங்களின் படம் இருக்கும். அவற்றுள் இன்று பறக்கும் நிலையில் உள்ளவை எத்தனை என்று கேட்க வேண்டும். எடுத்துக்காட்டாக, ஆறு விமானங்கள் நாளொன்றுக்கு ஐந்து மணி நேரம் வீதம் ஆண்டில் 250 நாள் பறந்தால் 7,500 மணி நேரம் ஆகும். அங்கே அறுபது மாணவர் சேர்ந்திருப்பின் தேவைப்படுவது 12,000 மணி நேரம். ஓராண்டில் முடித்துத் தருவோம் என்னும் வாக்குறுதியின் மதிப்பை இக்கணக்கே சொல்லிவிடும்! தாமதிக்கும் ஒவ்வொரு மாதமும் விடுதிச் செலவு வீட்டையே வந்தடையும்.

ஓடுதளத்தையும் நோக்க வேண்டும். பயணிகள் விமானம் மிகுந்த நிலையத்தில் மாணவர் தம் முறைக்குக் காத்துக் கிடப்பர். வடநாட்டில் மார்கழிப் பனிமூட்டம் பல காலைகளை விழுங்கிவிடும். உத்தரப் பிரதேசத்தின் புர்சத்கஞ்சில் 1985-இல் நிறுவப்பட்ட இந்திரா காந்தி தேசிய வானூர்திக் கழகம் பெயர்பெற்றதேயாயினும், அங்கும் பனி பனிதான். நம் மாநிலத்தில், விமானப் பயிற்சிப் பள்ளிகளுக்கென 2022-இல் தெரிவு செய்யப்பட்ட நிலையங்களுள் சேலமும் ஒன்று. சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் 2025 அக்டோபர் முதல் பள்ளிகளைத் தரம் பிரித்து வெளியிடுகின்றது. முதல் பட்டியலில் உயர்ந்த இரு பிரிவுகளில் ஒரு பள்ளியும் இடம்பெறவில்லை. 'பி' பிரிவில் 13, 'சி' பிரிவில் 22. ஆறு மாதத்திற்கொருமுறை வரும் இப்பட்டியலைப் பாராமல் சேர்வது அறிவுடைமையன்று. முழுக் கட்டணத்தையும் ஒரே தவணையில் கேட்கும் இடத்தைவிட்டு எழுந்து வந்துவிடலாம். பறந்த மணிக்கு ஏற்பத் தவணை, இடையில் நின்றால் திருப்பித் தரும் தொகை, இவ்விரண்டும் எழுத்தில் இருத்தல் வேண்டும். அலுவலகத்தில் பேசுவதைவிட, பயிற்சியை முடிக்கும் தறுவாயிலுள்ள மாணவர்களுடன் தேநீர்க் கடையில் பேசுவதே பயன் தரும்.

உரிமம் கிட்டியபின்னும் உடனே வேலை என்பதற்கு உறுதியில்லை. 200 மணி நேரம் பறந்த நாற்பது வயதினர், இருபத்திரண்டு வயதினருடன் ஒரே வரிசையில் நிற்க நேரும்.

எம் கருத்தில், நம் ஊர்ப் படைவீரர் பலருக்கு இதனினும் அருகில் வேறொரு பறக்கும் தொழில் உண்டு. 2021-ஆம் ஆண்டு ட்ரோன் விதிகளின்படி, பத்தாம் வகுப்பு தேறிய, 18 முதல் 65 வயதுவரையுள்ள எவரும் அங்கீகாரம் பெற்ற நிறுவனத்தில் பயின்று ட்ரோன் இயக்கும் சான்று பெறலாம். அது பத்தாண்டு செல்லும். கட்டணம் பல இலட்சங்களில் அன்று, ஆயிரங்களில் அடங்கும். சென்னை குரோம்பேட்டையில் அண்ணா பல்கலைக்கழக வளாகத்திலும் பயிற்சி நடைபெறுகின்றது. 2018-இல் இந்நாட்டிற்குள் நுழைந்த படைப்புழு நம் மக்காச்சோளக் காடுகளைப் பாழ்படுத்துகின்றது. ஆளுயரம் வளர்ந்த பயிருக்குள் கைத்தெளிப்பானுடன் நுழைவோர் மருந்தைத் தாமே சுவாசிக்கின்றனர். ட்ரோனோ ஓர் ஏக்கரைப் பத்து நிமிடத்தை ஒட்டி முடித்துவிடும். ஆனால் நம் மானாவாரி நிலத்தில் மருந்தடிக்கும் பருவம் சில மாதங்களே. மின்கலங்கள் தேய்ந்தால் மாற்றும் செலவும் உண்டு. தனியாளாகக் கடன்பட்டு வாங்குவதைவிட, உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்திற்கோ மகளிர் குழுவிற்கோ இயக்குநராகச் சேர்ந்து தொடங்குதல் நலம்.

சேவையின் இறுதி ஆண்டில் உள்ளோர்க்கு, பாதுகாப்பு அமைச்சகத்தின் மறுவாழ்வு இயக்குநரகம் தொழிற்பயிற்சிகள் அளிக்கின்றது. அவ்வாண்டு பயிற்சிப் பட்டியலைத் தம் படைப்பிரிவு அலுவலகத்திலேயே கேட்டு, ஓய்வுக்கு முன்னரே விண்ணப்பிக்க வேண்டும். ஊர் திரும்பிவிட்டவர்கள் ஓய்வூதிய ஆணையுடனும் படைவிலகல் புத்தகத்துடனும் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தை அணுகலாம். மனைவியையும் உடன் அழைத்துச் சென்றால், கேட்க மறந்த கேள்விகளை அவர் கேட்பார்.