புகைபோக்கி வழியே போகும் பணம்: பெல்லட் ஸ்டவ்வை ட்யூன் செய்வது எப்படி?

நம்ம ஊர் மார்கழிக் குளிருக்கு ஒரு போர்வையும் ஒரு டம்ளர் சுக்குக் காப்பியும் போதும். வட இத்தாலியிலும் ஆஸ்திரியாவிலும் அந்தக் கதை நடக்காது. வெளியே பூஜ்யத்துக்குக் கீழே போய்விட்டால் வீட்டுக்குள் ஏதாவது எரிந்தே ஆகணும். அங்கே பல வீடுகளில் எரிவது பெல்லட்: மரத்தூளை மிகுந்த அழுத்தத்தில் பிழிந்து செய்த, 6 மி.மீ. விட்டமுள்ள சின்னக் குச்சிகள். தனியாகப் பசை வேண்டியதில்லை. மரத்திலுள்ள லிக்னினே சூட்டில் இளகிப் பிடித்துக்கொள்ளும். ஒரு கிலோவில் சுமார் 17 மெகாஜூல் வெப்பம் இருக்கிறது.

ஸ்டவ்வைத் திறந்து பார்த்தால் நமக்குப் புதுசாக ஒன்றும் இல்லை. மேலே ஹாப்பர். அதிலிருந்து மோட்டார் ஸ்க்ரூ பெல்லட்டைத் தள்ளி, துளை போட்ட எரிகிண்ணத்தில் போடுகிறது. ஒரு ஃபேன் புகையை வெளியே இழுக்கிறது, இன்னொன்று சூட்டை அறைக்குள் ஊதுகிறது. குட்டி பாய்லர் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

இனிமேல்தான் விஷயம். தெர்மல் பேப்பரில் எக்ஸஸ் ஏர் கேள்வியைச் சாய்ஸில் விட்டவர்கள் இந்தப் பாராவை இரண்டு தடவை படிக்கவும். ஒரு கிலோ பெல்லட் முழுசாக எரியத் தோராயமாக 6 கிலோ காற்று போதும். ஆனால் கலப்பு சரியாக அமையாததால் அதற்கு இரண்டு மடங்கு, 12 கிலோ கொடுக்கிறோம் என்று வைப்போம். புகை 13 கிலோ. புகை 180 டிகிரி, அறை 20 டிகிரி என்றால் வெளியே போகும் வெப்பம் 13 × 1.05 × 160, அதாவது ஏறக்குறைய 2,180 கிலோஜூல். போட்டதில் 13 சதவீதம் போச்சு. அதே சூட்டில் காற்றை மூன்று மடங்காக்கினால் புகை 19 கிலோ; நஷ்டம் 18 சதவீதத்தைத் தாண்டிவிடும். தீ 'ஜோரா' எரியுதே என்று ஃபேனைக் கூட்டுகிறவர் வானத்தைத்தான் சூடாக்குகிறார்.

அதற்காகக் காற்றைக் குறைத்துக்கொண்டே போகலாமா? கூடாது. கரியும் கார்பன் மோனாக்சைடும் வரும். அளவை ஜுவாலையே சொல்லிவிடும். சோம்பேறித்தனமாக நீண்டு ஆடும் ஆரஞ்சு ஜுவாலை, நுனியில் கறுப்பு, கண்ணாடியில் கரி: காற்று போதவில்லை. குட்டையாகச் சீறி, பொறியும் அரைகுறையாக எரிந்த பெல்லட்டும் கிண்ணத்துக்கு வெளியே தெறித்தால் காற்று அதிகம். பிரகாசமான மஞ்சளில் சுறுசுறுப்பாக எரிந்தால் அங்கேயே நிறுத்துங்கள்.

ஆனால் பட்டனைத் தொடும் முன்பு கிண்ணத்தைச் சுரண்டணும். சாம்பல் உருகிக் கட்டியாகித் துளையை அடைத்திருந்தால் எந்த செட்டிங்கும் எடுபடாது. அடுத்து கதவு. ஒரு காகிதத் துண்டை இடையில் வைத்துச் சாத்தி இழுத்துப் பாருங்கள். சுலபமாக வந்தால் கேஸ்கெட் போச்சு. அந்தச் சந்து வழியே நுழையும் காற்று தீக்குப் போகாமல் நேரே புகைபோக்கிக்குப் போகும்.

பலர் கோட்டை விடும் இடம் ஒன்று உண்டு. ஸ்க்ரூ எடை பார்ப்பதில்லை, கன அளவைத்தான் தள்ளுகிறது. நீளமான பெல்லட் இடைவெளி விட்டு விழுவதால் ஒரு சுற்றுக்குக் குறைந்த எடைதான் போகும். குட்டையானது நெருக்கமாக நிரம்பி அதிகம் போகும். பட்டனைத் தொடாமலேயே காற்று விகிதம் மாறிவிட்டது! ஆகவே மூட்டையின் ரகம் மாறினால் மறுபடி பார்க்க வேண்டியதுதான். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, அரைமணி நேரம் பொறுத்துப் பாருங்கள். இரண்டையும் சேர்த்துத் திருகினால் எது வேலை செய்தது என்று தெரியாது.

ஸ்டவ் அடிக்கடி தானாக நின்றால் சிலர் பிரஷர் ஸ்விட்சை ஒயர் போட்டு 'பைபாஸ்' செய்துவிடுவார்கள். புகைவழி அடைத்தால் ஸ்க்ரூவை நிறுத்துவதே அந்த ஸ்விட்சின் வேலை. அதைக் கழற்றினால் அடைத்த குழாய்க்குக் கீழே தீ எரிந்துகொண்டே இருக்கும். ஜன்னல் சாத்திய வீட்டில் தூங்குகிறவர்களுக்கு, நிறமும் மணமும் இல்லாத மோனாக்சைடு வருவதே தெரியாது. ப்ளக்கைப் பிடுங்கி அணைப்பதும் இதே ரகம்தான். ஃபேன் நின்றுவிடும், கிண்ணத்தில் மீதி பெல்லட் புகைந்துகொண்டிருக்கும். ஆஃப் பட்டனை அழுத்திவிட்டு, ஃபேன் தானாக நிற்கும் வரை விட்டுவிட வேண்டும்.