காற்று வராத ஏர்கான்

தேக்கா சந்தைக்குக் காய்கறி கொண்டுவரும் பிக்கப்புகளில் பல, பாசிர் பாஞ்சாங் மொத்தச் சந்தையில் இருட்டிலேயே சரக்கு ஏற்றுபவை. பஃபலோ சாலைப் பக்கம் இறக்கிவிட்டுத் திரும்புவதற்குள் வெயில் ஏறிவிடும். அந்த நேரம் பார்த்து ஏர்கானில் காற்று நின்றுபோனால், முதலில் காதில் விழும் சொல் “கேஸ் தீர்ந்திருக்கும்” என்பதுதான். ஆனால் கேஸ் குறைந்தால் குளிர்ச்சிதான் போகும். காற்று வந்துகொண்டே இருக்கும். காற்றே வராவிட்டால் டாஷ்போர்டுக்கு அடியில் இருக்கும் ப்ளோவரைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

ப்ளோவர் என்பது உருளை வடிவ விசிறியும் அதைச் சுழற்றும் 12 வோல்ட் மோட்டாரும். குளிர்நாடுகளில் எஞ்சின் வெந்நீர் ஓடும் குழாய்கள் வழியே காற்றைத் தள்ளி ஹீட்டராக உழைப்பதும் இதே மோட்டார்தான். பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையே சுமார் 19 டிகிரியாக உள்ள சிங்கப்பூரில் அதற்குக் குளிர்ச்சி தரும் வேலை மட்டுமே.

வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் ஏற்பாட்டில்தான் விந்தை இருக்கிறது. விசிறியின் வேகம் பாதியானால் அதற்குத் தேவைப்படும் ஆற்றல் எட்டில் ஒரு பங்காகக் குறைகிறது. அப்படியானால் மின்சாரம் நிறைய மிச்சமாக வேண்டுமே? கையால் திருகும் குமிழ் உள்ள வண்டிகளில் அவ்வளவு மிச்சமாவதில்லை. அங்கே வேகத்தைக் குறைப்பது ரெசிஸ்டர் என்னும் மின்தடை. மெதுவான வேகத்தில் 5 ஆம்பியர் ஓடுகிறது, ரெசிஸ்டரில் 7 வோல்ட் கழிந்து மோட்டாருக்கு 5 வோல்ட் மிஞ்சுகிறது என்று வைத்துக்கொள்வோம். மோட்டாருக்குக் கிடைப்பது 25 வாட்; ரெசிஸ்டரில் சூடாக வீணாவது 35 வாட். சால்டரிங் அயர்ன் ஒன்றின் சூடு அது. அந்தச் சூட்டைத் தணிக்க, ப்ளோவர் தள்ளும் காற்றுப்பாதையிலேயே ரெசிஸ்டரைப் பொருத்தியிருப்பார்கள். தன்னால் மெதுவாக்கப்பட்ட காற்றை நம்பியே அது பிழைக்கிறது.

காற்று தடைபட்டால் ரெசிஸ்டர் கருகும். சாலையோரத் தூங்குமூஞ்சி மரங்கள் உதிர்க்கும் இலைத்துணுக்குகள் முன்கண்ணாடிக்குக் கீழுள்ள துளைகள் வழியே உள்ளே போய் அடைத்துக்கொள்வதும் உண்டு. தேய்ந்து இறுகிய மோட்டார் கூடுதல் மின்சாரம் இழுப்பது இன்னொரு காரணம். அதனால் மோட்டாரைப் பார்க்காமல் ரெசிஸ்டரை மட்டும் மாற்றினால், புதியதும் விரைவில் போய்விடும்.

பழுதை அறிய எஞ்சின் ஓட வேண்டியதில்லை. நிறுத்திய வண்டியில் எஞ்சினை ஓடவிடுவது சிங்கப்பூரில் குற்றமும்கூட. சாவியை ‘ஆன்’ வரை திருப்பி, வேகக் குமிழை ஒவ்வொரு எண்ணாக நகர்த்திக் கேளுங்கள்.

உச்ச வேகத்தில் மட்டும் காற்று வந்தால் பெரும்பாலும் ரெசிஸ்டர் போயிருக்கிறது. உச்ச வேகத்தில் மின்சாரம் அதைத் தொடாமல் நேரே மோட்டாருக்குப் போகிறது. எந்த எண்ணிலும் ஓசையே இல்லையென்றால் ஃபியூஸ், ரிலே, பிளக், எர்த் ஒயர் என வரிசையாகப் பார்க்க வேண்டும். மோட்டார் பிளக்கில் மல்டிமீட்டர் 12 வோல்ட் காட்டி, எர்த்தும் சரியாக இருந்தும் மோட்டார் சுழலாவிட்டால் பழுது மோட்டாரில்தான். லேசாகத் தட்டியதும் ஓடத் தொடங்கினால் கார்பன் பிரஷ் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். தட்டித் தட்டி நெடுநாள் ஓட்ட முடியாது. ஓசை நன்றாகக் கேட்டும் காற்று குறைவாக வந்தால், ஃபில்டர் அடைத்திருக்கலாம், அல்லது கூலிங் காயிலில் பனி உறைந்திருக்கலாம்.

எரிந்த ஃபியூஸுக்குப் பதிலாகப் பெரிய ஆம்பியர் ஃபியூஸைச் செருகவே கூடாது. அடுத்து எரிவது ஒயராக இருக்கும். ‘கண்ணாடியை இறக்கிவிட்டுச் சமாளிப்போம்’ என்று பழுதைத் தள்ளிப்போடவும் கூடாது. அடைமழையில் கண்ணாடிகளை ஏற்றிவிட்டால் மூச்சின் ஈரம் முன்கண்ணாடியின் உட்புறம் படியும். அதைப் போக்குவது ப்ளோவர் காற்றுதான்.

ஒர்க்‌ஷாப்பில் “ஏர்கான் வேலை செய்யல” என்று மட்டும் சொல்லாதீர்கள். “நாலாம் எண்ணில் மட்டும் காற்று வருது” என்று சொல்லுங்கள். தேவையில்லாமல் கேஸ் நிரப்பும் செலவு அங்கேயே மிச்சம்.