ஈரக் குப்பை வாசலைத் தாண்ட வேண்டாம்

வீட்டுக் குப்பையைக் குறைப்பது என்று பேச்செடுத்தாலே பிளாஸ்டிக் பைதான் நினைவுக்கு வருகிறது. ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' என்ற துணிப்பை இயக்கமும் வந்தது. இரண்டும் தேவைதான். ஆனால் எந்த வீட்டுக் குப்பைக்கூடையை வேண்டுமானாலும் கவிழ்த்துப் பாருங்கள்: எடையில் பெரும்பங்கு காய்கறித் தோல், வாழைப்பழத் தோல், காபித் தூள் சக்கை, மிஞ்சிய சோறு, வாடிய பூ. இந்திய நகரங்களின் குப்பையில் ஏறத்தாழ பாதி இப்படிப்பட்ட ஈரக் குப்பை என்பதே பொதுவான மதிப்பீடு. சென்னையில் மட்டும் நாளொன்றுக்கு 5,000 டன்னுக்கு மேல் குப்பை சேர்கிறது. கடைக்குப் பை எடுத்துப் போகும் பழக்கத்தோடு நின்றுவிடுகிறவர், கனமான பாதியைத் தொடவே இல்லை.

மக்கும் பொருள்தானே, எங்கே போட்டாலும் மண்ணாகிவிடாதா என்று கேட்பார்கள். காற்றோட்டம் இருந்தால் ஆகும். குப்பை மேட்டின் அடியில், பல மீட்டர் ஆழத்தில், காற்றில்லாமல் அழுகும்போது அதிலிருந்து மீத்தேன் உருவாகிறது. நூறாண்டுக் கணக்கில் பார்த்தால், கார்பன் டை ஆக்சைடைவிட 25 மடங்குக்கு மேல் பூமியைச் சூடாக்கும் வாயு அது, தீப்பிடிக்கவும் செய்யும். 2022 ஏப்ரல் இறுதியில் சென்னை பெருங்குடிக் குப்பைக் கிடங்கு நாள்கணக்கில் எரிந்தது பலருக்கு நினைவிருக்கும். அந்தக் கிடங்கை ஒட்டித்தான், அதே ஆண்டில் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் இடம்பெற்ற பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் கிடக்கிறது. அழுகிய குப்பையிலிருந்து கசியும் கருப்புச் சாறு பக்கத்து நீரைத்தான் தேடிப் போகும். இன்னொரு கேடும் உண்டு. காய்ந்த அட்டை, பால் கவர், பாட்டில், தகரம் எல்லாவற்றுக்கும் காயலான் கடையில் ஏதோ ஒரு விலை இருக்கிறது. அவற்றின்மேல் நேற்றைய சாம்பாரைக் கொட்டிவிட்டால் யாரும் வாங்க மாட்டார்கள். விலை போகும் பொருள்களைக்கூடக் குப்பையாக்குவது பெரும்பாலும் இந்த ஈரம்தான்.

இதற்குக் கேரளத்தில் ஒரு நல்ல சான்று இருக்கிறது. ஆலப்புழை நகரத்துக் குப்பை அருகிலுள்ள சர்வோதயபுரத்தில் கொட்டப்பட்டுவந்தது. 2012இல் அந்த ஊர் மக்கள் லாரிகளை மறித்தார்கள். நகரத் தெருக்கள் நாறின. வேறு கிடங்கு தேடுவதற்குப் பதிலாக, ஈரக் குப்பையை அந்தந்த வீட்டிலேயே முடித்துவிடுவது என்ற பாதையை நகராட்சி எடுத்தது. வீடுகளுக்கு மானிய விலையில் உரமாக்கும் குழாய்களும் சமையல் கழிவிலிருந்து எரிவாயு தரும் சிறிய கலன்களும் தரப்பட்டன. இடமில்லாதவர்களுக்காகத் தெருக்களில் காற்றோட்டமான உரத்தொட்டிகள் வந்தன. 2017இல் ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம், குப்பை மேலாண்மைக்கு எடுத்துக்காட்டாகச் சொன்ன ஐந்து நகரங்களுள் ஆலப்புழையும் ஒன்று. அங்கிருந்து சுமார் 50 கிலோமீட்டரில் இருக்கும் கொச்சியோ பிரம்மபுரம் கிடங்கை நம்பியே இருந்தது. 2023 மார்ச்சில் அந்தக் கிடங்கு தீப்பிடித்து, பத்து நாள்களுக்கு மேல் நகரம் புகையில் மூச்சுத் திணறியது. ஒரே மாநிலம், ஒரே மழை, ஏறக்குறைய ஒரே சமையல். குப்பை கலந்து போனதா, வீட்டிலேயே நின்றதா என்பதில்தான் பெரிய வேறுபாடு.

"நாம் பிரித்துக் கொடுத்தாலும் வண்டியில் எல்லாவற்றையும் ஒன்றாகத்தானே கொட்டுகிறார்கள்?" பல ஊர்களில் இது இன்றும் உண்மை. 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் பிரித்துத் தரும் கடமையை வீட்டுக்காரரிடம் வைத்தன. பிரித்ததைப் பிரித்தபடியே கொண்டுபோகும் கடமையை உள்ளாட்சி எல்லா இடத்திலும் செய்வதில்லை. ஆனால் இந்த ஆட்சேபம்தான் என் கட்சிக்குப் பலம் சேர்க்கிறது. வீட்டைவிட்டு வெளியே போகாத ஈரக் குப்பையை எந்த வண்டியாலும் கலக்க முடியாது. குப்பை தொடர்பான பழக்கங்களில், அடுத்தவர் ஒழுங்காக நடப்பதை நம்பி இராத பழக்கம் இது ஒன்றுதான் என்பேன்.

அடுத்தது இடம், நாற்றம். ஐ.நா.வின் 2024ஆம் ஆண்டு அறிக்கை, இந்திய வீடுகளில் ஓர் ஆளுக்கு ஆண்டுக்கு 55 கிலோ உணவு வீணாவதாக மதிப்பிடுகிறது. தோல், கொட்டை போன்றவையும் அதில் அடக்கம். நால்வர் உள்ள வீட்டுக்கு நாளொன்றுக்குச் சுமார் 600 கிராம். பக்கவாட்டில் ஓட்டை போட்ட இரண்டு மூன்று மண்தொட்டிகள் இதைத் தாங்கும். பால்கனி மூலை போதும். அடியில் காய்ந்த சருகு, மேலே தண்ணீர் வடித்து நறுக்கிய காய்கறிக் கழிவு, அதன்மேல் கைப்பிடி சருகோ தென்னைநார்த் தூளோ, தொடக்கத்தில் கொஞ்சம் புளித்த மோர். வாரத்துக்கு இரண்டு தரம் கிளறிவிட வேண்டும். நாற்றம் வந்தால் ஈரம் கூடிவிட்டது என்று பொருள். சருகைக் கூட்டினால் அடங்கும். எலும்பு, மீன் கழிவு, எண்ணெய்க் குழம்பு ஆகியவற்றைத் தொட்டியில் போடாமல் இருப்பது நல்லது. நிறைந்த தொட்டியை இரண்டு மாதம் போல விட்டுவைத்தால் உரம் தயார். இதற்கு முந்தைய படி ஒன்றும் உண்டு: சந்தையில் மலிவாகக் கிடைக்கிறதே என்று இரண்டு கிலோ தக்காளி வாங்கி, குளிர்பெட்டியில் ஒரு கிலோவை அழுகவிடாமல் இருப்பது. வாங்காத பொருளுக்கு உரத்தொட்டியே வேண்டாம்.

எனக்கு உண்மையாகவே கனமாகத் தோன்றும் ஆட்சேபம் வேறு. இந்த வேலையெல்லாம் கடைசியில் யார் தலையில் விழும்? ஏற்கெனவே அடுக்களையில் நாள் முழுதும் நிற்கும் பெண்ணின் தலையில். சுற்றுச்சூழல் பேசும் கட்டுரைகள் இதைக் கண்டும் காணாமல் போய்விடுகின்றன. தொட்டியைக் கிளறுவதும் சருகு சேர்ப்பதும் சமையல் வேலை ஆகாது. அதை வீட்டு ஆண்களும் வளர்ந்த பிள்ளைகளும் எடுத்துக்கொள்ளாத வீட்டில் இந்தப் பழக்கம் ஒரு மாதம் தாண்டாது. தாண்ட வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் நியாயமில்லை.

பெரிய நிறுவனங்கள் கோடிக்கணக்கில் சாஷே விற்கும்போது என் ஒரு தொட்டி என்ன செய்துவிடும் என்போரும் உண்டு. பல அடுக்குப் பொட்டலத்தைக் காயலான் கடைக்காரரும் தொடமாட்டார். அதற்குப் பொறுப்பு தயாரித்தவர்தான், பிளாஸ்டிக் கழிவு விதிகளும் அதைத்தான் சொல்கின்றன. அந்தச் சண்டையை அவர்களோடு போட்டே ஆக வேண்டும். ஆனால் உங்கள் வீட்டு வெண்டைக்காய்க் காம்பை எந்த நிறுவனமும் தயாரிக்கவில்லை.

ஒரு வாரம் சோதித்துப் பாருங்கள். ஈரக் குப்பையைத் தனியே எடுத்து உரத்தொட்டியில் போட்டுவிட்டு, டயப்பர், நாப்கின்களைத் தாளில் சுற்றித் தனியாகத் தூய்மைப் பணியாளரிடம் கொடுத்துவிடுங்கள். மீதி இருக்கும் காய்ந்த குப்பைக்காக வண்டி தினமும் உங்கள் வாசலுக்கு வர வேண்டிய தேவையே இருக்காது.