கால் விநாடியில் கண்டுபிடி!

கண் ஒருமுறை இமைக்கும் நேரம்தான் ஒரு மாத்திரை என்று தமிழ் வகுப்பில் படித்திருப்பீர்கள். ஏறக்குறைய கால் விநாடி. அவ்வளவு நேரம் மட்டும் ஒரு பாட்டைக் கேட்டுவிட்டு அது ராக்கா, ஜாஸா, ப்ளூஸா என்று சொல்ல முடியுமா?

அமெரிக்காவில் ராபர்ட் ஜெர்டிங்கன், டேவிட் பெரட் என்ற இருவர் கல்லூரி மாணவர்களிடம் இதைச் சோதித்தார்கள். மொத்தம் 10 வகை இசை. குருட்டாம்போக்கில் சொன்னால் பத்துக்கு ஒன்றுதான் சரியாக வரும். ஆனால் 3 விநாடி கேட்டவர்கள் சொன்ன விடை, இசை நிறுவனங்கள் ஒட்டிய பெயரோடு சுமார் 70 சதவீதம் ஒத்துப்போனது. கால் விநாடி மட்டும் கேட்டபோதும், 3 விநாடிக்குச் சொன்ன அதே விடையை 44 சதவீதம் சொல்லிவிட்டார்கள்!

கால் விநாடியில் மெட்டு பிடிபடாது, தாளம் ஒரு சுற்றுகூட வராது. பிறகு எப்படி? வீணையும் புல்லாங்குழலும் ஒரே ஸ்வரத்தை எழுப்பினாலும், கண்ணை மூடிக்கொண்டே எது எது என்று சொல்லிவிடுகிறோம் அல்லவா? அந்த ஒலித்தன்மையைத்தான் காது சட்டென்று பிடித்துக்கொள்கிறது.

சரி, மீதி 30 சதவீதம்? தப்பு காதிலா, பெயரிலா? எனக்கென்னவோ பெயரின்மேல்தான் சந்தேகம்.

சில பெயர்கள் கெட்டியானவை. ஜமைக்காவில் பிறந்த ரெகேயைக் கேட்டுக்கொண்டே ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணுங்கள். இரண்டிலும் நான்கிலும் கிட்டார் ‘சக், சக்’ என்று வெட்டும். பல பாட்டுகளில் பெரிய டிரம் ஒன்றில் விழாமல் மூன்றில்தான் விழும்.

இசை வகைகளைப் பிரிக்கக் கணினிக்கும் சொல்லிக்கொடுத்தார்கள். ஜார்ஜ் ட்சானெடாகிஸ், பெரி குக் இருவரும் 2002-இல் வெளியிட்ட ஆய்வில், 10 வகை இசையைக் கணினி 61 சதவீதம் சரியாகப் பிரித்தது. அந்த ஆய்வையொட்டி 1000 பாட்டுத் துணுக்குகள் கொண்ட ஒரு தொகுப்பு உலகெங்கும் பரவியது. பின்னாளில் பாப் ஸ்டர்ம் என்ற ஆய்வாளர் அதைக் கிளறிப் பார்த்தார். சில துணுக்குகள் இரண்டு தடவை இருந்தன, சிலவற்றில் பெயர் மாறியிருந்தது. ரெகே பகுதியிலோ மூன்றில் ஒரு பங்கு பாப் மார்லி என்ற ஒரே பாடகர்! அப்படியானால் கணினி கற்றது ரெகேயையா, மார்லியின் குரலையா?

இன்னும் வேடிக்கையான பெயர் ஒன்று உண்டு: ‘வேர்ல்டு மியூசிக்’. 1987 ஜூனில் சில இசை நிறுவனக்காரர்கள் லண்டனில் கூடிப் பேசி முடிவுசெய்தது. ஆப்பிரிக்காவிலிருந்தும் மற்ற நாடுகளிலிருந்தும் வந்த இசைத்தட்டுகளை எந்த அலமாரியில் வைப்பதென்று கடைக்காரர்கள் விழித்ததுதான் காரணம். ஆக, இது இசைக்கு வைத்த பெயரல்ல, அலமாரிக்கு வைத்த பெயர். கிராமி விருதிலும் இந்தப் பிரிவு நுழைந்தது. 1992-இல் பரிசு பெற்ற ‘பிளானெட் டிரம்’ பெரும்பாலும் தாள வாத்தியங்கள். நம் விக்கு விநாயக்ராம் அதில் கடம் வாசித்தார். 1995-இல் பரிசு பெற்ற ‘டாக்கிங் டிம்பக்டு’வில் மாலி நாட்டு அலி ஃபர்கா தூரேயின் கிட்டாரும் பாட்டும். கால் விநாடி என்ன, நாள் முழுக்கக் கேட்டாலும் இரண்டுக்கும் பொதுவான ஒலி கிடைப்பது கஷ்டம்.

நீங்களும் சோதிக்கலாம். பத்து சினிமாப் பாட்டுகளை நண்பர்கள் ஐந்து பேருக்குப் போட்டுக் காட்டுங்கள். குத்து, கானா, மெலடி என்று ஒருவர் எழுதுவதை மற்றவர் பார்க்காமல் எழுதட்டும். ஐவரும் ஒரே விடை எழுதிய பாட்டுகளைத் தனியே எடுத்து, அவற்றில் தாளத்தையும் வாத்தியங்களையும் கவனியுங்கள். சண்டை வந்த பாட்டுகளையும் விட்டுவிடாதீர்கள், சுவாரஸ்யமே அவற்றில்தான்.